ஆர்.சி.சி.யில் (திருவனந்தபுரம் புற்றுநோய் மையம்) அம்மாவுக்குத் துணையாகக் கூட்டு நிற்கிறேன், இப்போது எனக்கே முடியவில்லை

வேளிமலைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்) | இரவு 11:52

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 66 வயது, நாக்கில் புற்று. ஆபரேஷன் முடிந்து இப்போது ரேடியேஷன், கூடவே வாரம் ஒரு கீமோ. ரேடியேஷன் மொத்தம் 30. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். நேற்றோடு 17 முடிந்தது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு வாடகை அறையில் நானும் அம்மாவும் இருக்கிறோம். சனிக்கிழமை ஊருக்கு வருவோம். பிள்ளைகளின் யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டு, ஒரு வாரத்துக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் இரணியலில் திரும்ப வண்டி ஏறுவேன்.

அம்மாவின் நோயைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார். இது என்னைப் பற்றி.

போன ஞாயிறு ரயிலை விட்டு இறங்கி, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும்போது தலை சுற்றிவிட்டது. சாயாக் கடைச் சேட்டன் ஸ்டூல் எடுத்துப் போட்டு உட்கார வைத்தார். என் பையையும் தன் பையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அம்மா நின்ற நிற்பு கண்ணிலேயே இருக்கிறது. மூக்கில் டியூபோடு அவள் எனக்குக் காவல். எனக்குப் பிரஷர் மாத்திரை உண்டு. அறைக்கு வந்து அட்டையை எண்ணிப் பார்த்தால் 11 நாள் போடவில்லை. அம்மாவின் மருந்து ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

இன்னொன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. டியூப் போடுவதற்கு முந்தின நாள், ஒரு மணி நேரமாகக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாயும் எரிகிறது என்று துப்பிவிட்டாள். டம்ளரை மேசையில் ஓங்கி வைத்தேன். வைத்தேன் என்ன, அடித்தேன். கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இப்போது பேச்சும் தெளிவாக வராது. எழுந்து போய் முந்தானையால் சுவரைத் துடைத்தாள்.

தம்பி மஸ்கட்டில். பணம் அனுப்புகிறான், குறை சொல்ல மாட்டேன். தினமும் ராத்திரி வீடியோவில் வந்து, "அக்கா, நீயும் உடம்பைப் பார்த்துக்கோ" என்கிறான். எப்போது பார்க்க? எந்த நேரத்தில்?

கூட்டு நிற்கிற நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "தியானம் பண்ணு, தைரியமாக இரு" என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.

---

குலசேகரம்_பால்வெட்டு | காலை 5:10

தங்கச்சி, இது நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதற்கு முன்னால் எழுதுவது. என் வீட்டுக்காரிக்கு மார்பில் வந்தது. எட்டு கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன், எல்லாம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. நன்றாக இருக்கிறாள்.

நான் பண்ணின மடத்தனத்தைச் சொல்கிறேன். யார் வந்து "ஏதாவது வேணுமா?" என்று கேட்டாலும், "ஒண்ணும் வேண்டாம், எல்லாம் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுவேன். அந்த வார்த்தை தானாக வாயில் வந்துவிடும். காலையில் 300 மரம் வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்து, சமைத்து, பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அவளைக் கூட்டிக்கொண்டு போய்... மூன்றாவது கீமோவில் முதுகு பிடித்துக்கொண்டது. டிஸ்க். பத்து நாள் நானும் படுக்கை. அப்போது ஒரு வீட்டில் இரண்டு நோயாளி.

அத்தான் வந்து, சுவரில் இருந்த காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புதன் வெட்டு அவர் மகன். வெள்ளி மதியச் சோறு அடுத்த வீடு. பெண்ணுக்கு டியூஷன் முடிந்து கூட்டி வருவது எதிர்வீட்டுச் சேச்சி. ஆளுக்கு ஒரு கட்டத்தில் பெயரை எழுதிவிட்டார். கேட்டவர்களில் ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல்தான் இத்தனை நாளும் வாசலில் வந்து வந்து நின்றிருக்கிறார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. எல்லாரும் அன்பாக மீன் குழம்பு கொண்டுவந்தார்கள். கீமோ முடிந்த வாரம் அந்த மணம் பட்டாலே அவளுக்குக் குமட்டும். அப்புறம் "சோறும் மோரும் போதும், வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போங்க" என்று சொல்லவேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்பக் கூச்சம். சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

---

பழைய_பள்ளியாடி | காலை 9:34

தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் அம்மச்சியை எங்கள் அம்மா எட்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அப்போது "பார்ப்பவர் நலம்" என்றெல்லாம் யாரும் பேசவில்லை. பெற்றவளைப் பார்ப்பது கடமை. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

---

கருங்கல்_கல்யாணி | காலை 9:58

பள்ளியாடி அண்ணாச்சி, உங்கள் அம்மாவின் முதுகு இப்போது எப்படி இருக்கிறது?

அந்த எட்டு வருஷத்தில் உங்கள் அப்பா, சித்தப்பா, நீங்கள், ஆம்பிளைகள் எத்தனை ராத்திரி விழித்திருந்தீர்கள் என்றும் சொல்லுங்கள். சண்டைக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கும் அதேதான்.

---

பாறசாலை_சிஸ்டர் | மதியம் 2:15

வீட்டில் தமிழ், வேலை மலையாளம். பாலியேட்டிவ், அதாவது வலி தணிப்பு நர்ஸாக வீடு வீடாகப் போகிறேன், பல வருஷமாக. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேளிமலை, முதலில் உங்கள் மாத்திரை. விட்ட 11 நாளுக்குச் சேர்த்துப் போட வேண்டாம். இன்றைக்கே பக்கத்தில் எங்காவது பிரஷர் பார்த்து, டாக்டரிடம் "இத்தனை நாள் விட்டுப்போச்சு" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். இனி அம்மாவின் காலை மருந்துக்கு வைத்திருக்கும் அலாரத்திலேயே உங்களுடையதும். ஆனால் இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் மாறிப்போகும். உங்கள் அட்டையை ரப்பர் பேண்ட் போட்டு அந்த டப்பாவின் மேல் கட்டி வையுங்கள்.

அடுத்தது அந்த டம்ளர். கூட இருந்து பார்ப்பவருக்கு எவ்வளவு பாரம் என்று அளக்க ஸாரிட் என்பவர் பெயரில் ஒரு கேள்வித்தாள் உண்டு. 1980-களிலிருந்து பல நாடுகளில் பயன்படுகிறது. மொத்தம் 22 கேள்வி. அவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்பதே அதில் ஒரு கேள்வி. எல்லாருக்கும் வருகிற ஒன்று என்பதால்தான் அதைத் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நான் போகும் வீடுகளில் டம்ளரும் தட்டும் பறந்த வீடு எத்தனையோ. கோபம் வரும்போது அம்மாவைப் பத்திரமாகச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கஞ்சி ஆறினால் ஆறட்டும்.

இப்போது டியூப் வந்துவிட்டதால் அந்த ஒரு மணி நேரப் போராட்டம் குறையும். கொடுக்கும்போதும், கொடுத்து அரை மணி நேரம் வரையும் தலைப்பக்கம் உயரமாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் விடுங்கள். அழுத்தித் தள்ளாதீர்கள், தானாக இறங்கட்டும். இருமல் வந்தால் உடனே நிறுத்துங்கள். வாய்க்கு, ஒரு லிட்டர் ஆறவைத்த வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. காலையில் கலக்கி வைத்து அன்று முழுவதும் அதில் கொப்பளிக்கலாம், மறுநாளைக்குப் புதிதாக.

கூட இருப்பவர்கள் பயந்தே பாதி தேய்ந்துபோகிறார்கள். அதனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கீமோ நடக்கும் காலத்தில் தெர்மாமீட்டரில் 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம், அதற்கும் அப்படித்தான். கீமோ ஏறிய பிறகு 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர், அந்தத் துணி இவற்றைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். அது உங்கள் பாதுகாப்புக்கு. பயப்படத் தேவையில்லாததும் உண்டு. புற்று ஒட்டிக்கொள்ளாது. வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் ரேடியேஷன் அம்மாவின் உடம்பில் தங்காது. பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம். சில வீடுகளில் இன்னும் தனி டம்ளர், தனித் தட்டு என்று வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி உங்கள் தம்பி. அவருக்கு லீவ் எப்போது என்று கேட்டு, சரியான நேரத்துக்கு வரவழையுங்கள். 30 முடிந்த அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வாய்ப்புண்ணும் தொண்டை எரிச்சலும் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் கஷ்டப்படுத்தும். அப்போது தினமும் ஆஸ்பத்திரி இல்லை, வீட்டில் நீங்கள் மட்டும். தம்பி வர வேண்டியது அந்த நாட்களில். வந்தால் விருந்தாளியாக உட்காரவிடாதீர்கள். டியூபில் கொடுக்கப் பழக்கிவிட்டு நீங்கள் படுத்துத் தூங்குங்கள்.

கடைசியாக ஒன்று. தூங்க இடமும் நேரமும் கிடைத்தும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வெறும் அசதி இல்லை, மருத்துவம் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

---

செங்கோட்டை_மெயில் | மாலை 4:40

ரயில் விஷயம் மட்டும் சொல்கிறேன், பலருக்குத் தெரிவதில்லை. புற்று நோயாளி சிகிச்சைக்குப் போக வர கட்டணச் சலுகை உண்டு. கூட ஒருவருக்கும் உண்டு. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம் குறையும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக்க இலவசம், துணைக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் சீலும் வேண்டும். கவுன்டரில் காட்டி எடுங்கள். நான் அண்ணனோடு எட்டு மாதம் முழுக் காசு கொடுத்துப் போன பிறகுதான் இது தெரிந்தது. வயிற்றெரிச்சல்.

---

களியக்காவிளை_சந்திப்பு | மாலை 6:05

எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. என் மாமா வீடு கேரளத்துப் பாறசாலையில், எங்கள் வீடு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். நடந்தால் இருபது நிமிஷம். மாமாவுக்குப் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வந்து டிரெஸ்ஸிங் பண்ணுகிறார். மாமிக்கு ஆஷ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பவருக்கான பணம். 600 ரூபாயில் என்ன வரும்? அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வராது என்று மாமி புலம்புவாள். ஆனாலும் அரசாங்கக் காகிதத்தில் மாமிக்கு ஒரு இடம் இருக்கிறது. இந்தப் பக்கம் என் அம்மாவுக்கு?

---

பாறசாலை_சிஸ்டர் | இரவு 8:20

தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால்தான் வருவார்கள். மறந்துபோனால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

கேரளத்திலும் இது தானாக வந்ததில்லை. 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் சில டாக்டர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு சின்ன அறையில் ஆரம்பித்தது. அதில் முன்னின்ற டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால்தான் பிறகு 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி தணிப்பு அமைப்பைத் தொடங்கினார். அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது 2008-இல். அதற்குள் மலப்புறம் பக்கம் கடைக்காரர், வாத்தியார், ஆட்டோக்காரர் எல்லாம் பயிற்சி எடுத்து வாரம் இரண்டு மணி நேரம் வீடுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி குளித்து, கடைக்குப் போய்விட்டு வருவாள். அதற்காகவே காத்திருப்பாள். உங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்தால் இதைச் செய்ய எல்லைக்கல் தடுக்காது.

அப்புறம், மலையாளத்தில் ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்பவரை "கூட்டிரிப்புகார்" என்பார்கள். வார்டு பாஸில் "பைஸ்டாண்டர்" என்று எழுதுவார்கள். சும்மா ஓரமாக நிற்கிறவர் என்று அர்த்தம். யார் வைத்த பெயரோ!

---

இரணியல்_மேற்கு | இரவு 10:47

நான் பின்னால் நிற்கிறவன். அப்பா போய் ஏழு மாதம். நுரையீரல்.

பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால்தான் எல்லாம் வந்தது. அதிகாலை நான்கு மணிக்கு வலிக்கான மார்ஃபின் மாத்திரை கொடுக்க எழுந்து பழகிவிட்டதா, இன்றும் அலாரம் இல்லாமல் கண் விழிக்கும். விழித்ததும் காதைத் தீட்டி இருமல் கேட்கிறதா என்று பார்ப்பேன். முதல் மாதம் ஒரு நாள் எழுந்துபோய் தண்ணீரே எடுத்துவிட்டேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் நின்றேன். கட்டிலைப் பதினாறு முடிந்ததும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் நண்பர்களிடம் போன் எடுக்காமல் இருந்ததுதான் நான் செய்த தப்பு. "அப்பாவைப் பார்க்கவே நேரமில்லை, உங்களோடு என்ன பேச" என்று நினைத்தேன். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால் கூப்பிட ஆளில்லை. வேளிமலை அக்கா, உங்களோடு படித்தவள், வேலை பார்த்தவள், யாராவது ஒருத்தியின் போனை மட்டுமாவது எடுத்துக்கொண்டே இருங்கள். ஆஸ்பத்திரிக் கதை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு எடுங்கள். சீரியலோ, பவுன் விலையோ, ஏதாவது.

---

பழைய_பள்ளியாடி | மறுநாள் காலை 7:20

கல்யாணிக்கு: அம்மாவுக்கு முதுகு கூன் விழுந்துவிட்டது. அறுபது வயதிலேயே. நேற்று ராத்திரி அவளிடமே கேட்டேன், "அம்மச்சியைப் பார்த்தபோது உனக்குக் கோபம் வந்திருக்கா?" என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கோபம் வந்தா மாட்டுத் தொழுவத்துல போய் நிப்பேன்" என்றாள். எனக்கு இது தெரியாது. நாங்கள் பிள்ளைகள் அப்போதெல்லாம் அம்மாவுக்கு மாடு என்றால் உயிர் என்று நினைத்திருந்தோம்.

ராத்திரி விழித்த கணக்கு: நான் பூஜ்யம்.

---

கருங்கல்_கல்யாணி | காலை 7:41

அண்ணாச்சி, இதை எழுதியதற்கு நன்றி. அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

---

வேளிமலைச்சாரல் | நான்கு நாள் கழித்து, இரவு 9:30

எல்லாருடையதையும் படித்தேன். சிலதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். தொழுவத்தில் போய் நின்ற அம்மா கதைக்கு என் அம்மா சிரித்தாள். வாய் எரியுமே என்று கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிரஷர் 164/100 இருந்தது. டாக்டர் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார். ரப்பர் பேண்ட் வேலை செய்கிறது. நான்கு நாளும் தவறவில்லை.

தம்பியிடம் பேசினேன். வழக்கமான "பார்த்துக்கோ" வந்ததும், "எப்படிப் பார்க்கணும்னு நீயே வந்து காட்டு" என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் டிக்கெட்டின் படம் அனுப்பியிருக்கிறான், ரேடியேஷன் முடிந்த மறுநாள் வருகிற மாதிரி. 18 நாள் லீவ். அவன் மனைவிக்கு இதில் சந்தோஷம் இல்லை என்று தெரிகிறது. அதை யோசிக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

மத்தியானச் சமையலை அறையில் நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு டியூப் என்பதால் எனக்கு ஒருத்திக்குத்தான். மெடிக்கல் காலேஜில் டி.ஒய்.எஃப்.ஐ. என்ற இளைஞர் சங்கப் பிள்ளைகள் கொடுக்கும் பொதிச்சோறு வாங்கிக்கொள்கிறேன். முதல் நாள் வரிசையில் நிற்கவே வெட்கமாக இருந்தது, ஊரில் நாம் பத்துப் பேருக்குப் போட்டுத் தின்றவர்கள் ஆயிற்றே என்று. யார் வீட்டிலோ வாழையிலையில் கட்டின சோறு, நடுவில் சம்மந்தித் துவையல், ஒரு துண்டு ஆம்லெட். சாப்பிட்டு முடித்துவிட்டு, அம்மா தூங்கும்போது நானும் முக்கால் மணி நேரம் தூங்குகிறேன்.

சுவரில் கஞ்சிக் கறை இன்னும் லேசாகத் தெரிகிறது. அறையைக் காலி பண்ணும்போது சுண்ணாம்பு அடித்துத் தர வேண்டுமாம், வீட்டுக்காரர் நேற்றே சொல்லிவிட்டார்.

குலசேகரம் அண்ணாச்சி, காலண்டர் போட்டுவிட்டேன். சனிக்கிழமை மாவு அரைப்பது என் நாத்தனார். ஞாயிறு சாயங்கால வண்டியில் பை தூக்கக் கூட ஒரு ஆள் இருந்தால் கொள்ளாம், அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

---

இரணியல்_மேற்கு | இரவு 9:44

ஞாயிறு நான் திருவனந்தபுரத்துக்குத் திரும்புகிற நாள்தான் அக்கா, அங்கேதான் வேலை. அதே வண்டி. எந்தப் பெட்டியில் ஏறுவீர்கள்?

---

வேளிமலைச்சாரல் | இரவு 9:51

கடைசியிலிருந்து மூன்றாவது. அம்மா நீலச் சால்வை போர்த்தியிருப்பாள். இரண்டு பையும் ஒரு ஃபிளாஸ்க்கும் உண்டு, ஃபிளாஸ்க்கை அவள் யாரிடமும் கொடுக்க மாட்டாள்.